டிம்மர் சுவிட்சில் எல்.இ.டி. பல்பு போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டும்போது ஹாலிலும் படுக்கையறையிலும் ஆசையாக டிம்மர், அதாவது விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச், வைத்தவர்கள் நிறையப் பேர். அன்றைக்கு அதில் மாட்டியிருந்தது குண்டு பல்பு. பிறகு பல்பு மட்டும் சி.எஃப்.எல்., எல்.இ.டி. என்று மாறியது, சுவரில் இருக்கும் டிம்மர் அப்படியே இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விளக்கு சிமிட்டுகிறது, ஹோல்டர் பக்கமிருந்து ரீங்காரம் கேட்கிறது, வாங்கிச் சில மாதம்கூட ஆகாத பல்பு போய்விடுகிறது. இதைப் பற்றி வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

டிம்மர் இருக்கும் பாயின்டில் கடையில் கிடைக்கும் சாதாரண எல்.இ.டி. பல்பைப் போடலாமா?

கூடாது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 9 வாட், 12 வாட் பல்புகளில் பெரும்பாலானவை டிம்மருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் மலிவு விலை எல்.இ.டி. திட்டமான உஜாலாவில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பல்புகளும் இந்த வகைதான். அட்டைப்பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘நான்-டிம்மபிள்’ (non-dimmable, டிம்மருக்கு ஆகாதது) என்று போட்டிருப்பார்கள், அல்லது டிம்மர் படத்தின் மேல் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். ‘டிம்மபிள்’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். எதுவுமே போடவில்லை என்றால் டிம்மருக்கு ஆகாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘டிம்மரைக் குறைக்கவே மாட்டேன், எப்போதும் முழு வெளிச்சத்தில்தான் வைப்பேன்’ என்பவர்களும் உண்டு. அப்படி வைத்தாலும் பல டிம்மர்கள் மின்னலையில் கொஞ்சத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்புகின்றன. வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது, பல்புக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்குத் தெரியும். குறைக்கப் போவதே இல்லை என்றால் டிம்மரைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண சுவிட்ச் போடுவதுதான் நல்லது. செலவும் மிகக் குறைவு.

குண்டு பல்பில் இத்தனை வருடம் நன்றாக வேலை செய்த டிம்மர், இதில் மட்டும் ஏன் தகராறு செய்கிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இது புரிந்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது அலை நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. அரை அலைகளாக எண்ணினால் நொடிக்கு 100. டிம்மர் வோல்டேஜைக் குறைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் விடுகிறது. பாதி வெளிச்சம் என்றால், நொடிக்கு 100 முறை கரண்டை நிறுத்தி நிறுத்தி விடுகிறது என்று பொருள். அமெரிக்காவில் 1961-ல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோயல் ஸ்பைரா வீட்டுச் சுவருக்குள் அடங்கும் டிம்மரைக் கொண்டுவந்தது இந்த முறையை வைத்துத்தான். அதற்கு முன்பு இருந்த டிம்மர்களில் பல மிச்சக் கரண்டைச் சூடாக்கி வீணடித்தன, அளவிலும் பெரியவை.

குண்டு பல்பில் இருப்பது ஒரு டங்ஸ்டன் இழை, அவ்வளவுதான். கரண்ட் விட்டு விட்டு வந்தாலும் இழை அதற்குள் ஆறிவிடாது. அதனால் ஒளி சீராகத் தெரியும். எல்.இ.டி. பல்பில் அப்படி இல்லை. அதன் கழுத்துப் பகுதியில் டிரைவர் என்ற மின்னணுச் சர்க்யூட் இருக்கிறது. வரும் கரண்டை நேர்மின்னோட்டமாக மாற்றி, ஒரு கெப்பாசிட்டரில் தேக்கி, எல்.இ.டி.க்கு ஒரே அளவில் கொடுப்பது அதன் வேலை. நம் நாட்டில் லோ வோல்டேஜ் தொல்லை அதிகம் என்பதால் 100 வோல்ட் வந்தாலும் 300 வோல்ட் வந்தாலும் வெளிச்சம் மாறாதபடி பல பல்புகளை வடிவமைக்கிறார்கள். அதாவது, டிம்மர் குறைக்கப் பார்க்கிறது. பல்பு குறையவே கூடாது என்று ஈடுகட்டப் பார்க்கிறது. குமிழைத் திருப்பத் திருப்ப ஒன்றுமே நடக்காமல், ஓர் இடத்தில் திடீரென்று சிமிட்டி அணைந்துபோவது இதனால்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. வெட்டப்பட்ட அலை மறுபடி தொடங்கும்போது வோல்டேஜ் ஒரேயடியாக எகிறும். காலியான கெப்பாசிட்டர் அந்த நொடியில் கரண்டை மளமளவென்று இழுக்கும். இந்த இடி நொடிக்கு 100 முறை விழுகிறது. ரீங்காரம் வருவதும், பல்பும் டிம்மரும் சீக்கிரம் போவதும் அதனால்தான்.

‘டிம்மபிள்’ என்று போட்ட பல்பே வாங்கினேன். அப்படியும் சிமிட்டுகிறதே?

டிம்மரின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பழைய டிம்மர்கள் குண்டு பல்பைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. 400 வாட் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். குறைந்தது 40 வாட்டோ 60 வாட்டோ லோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு காலத்தில் ஒற்றை 60 வாட் பல்பே அந்த நிபந்தனையைத் தீர்த்துவிட்டது. இன்று அதே இடத்தில் இரண்டு 9 வாட் எல்.இ.டி. போட்டால் மொத்தம் 18 வாட்தான். டிம்மருக்குள் இருக்கும் ட்ரையாக் என்ற பாகம், தன் வழியாக ஓரளவு கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால்தான் திறந்தபடி நிற்கும். கரண்ட் போதாவிட்டால் நடுவிலேயே மூடிக்கொள்ளும், மறுபடி திறக்கும். நீங்கள் பார்க்கும் சிமிட்டல் அதுதான்.

சில எலக்ட்ரீஷியன்கள் அதே லைனில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்து மாட்டிச் சரிசெய்துவிடுவார்கள். சிமிட்டல் நிற்கும், உண்மைதான். ஆனால் 40 வாட்டை எரித்து 18 வாட் விளக்கை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டிம்மரை மாற்றுங்கள்.

எந்த டிம்மர் வாங்க வேண்டும்? கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

‘எல்.இ.டி. டிம்மர் வேண்டும்’ என்று கேளுங்கள். வெறும் ‘டிம்மர்’ என்றால் பழைய வகையையே எடுத்துக் கொடுப்பார்கள். டிம்மர்களில் இரண்டு விதம் உண்டு. அலையின் முன்பக்கத்தை வெட்டுவது லீடிங் எட்ஜ். பழைய டிம்மர்கள் எல்லாம் இது. பின்பக்கத்தை வெட்டுவது ட்ரெய்லிங் எட்ஜ். பின்பக்கத்தை வெட்டும்போது வோல்டேஜ் மெதுவாக ஏறுகிறது, முன்பு சொன்ன இடி விழுவதில்லை. அதனால் எல்.இ.டி.க்குப் பெரும்பாலும் இதுவே ஒத்துப்போகிறது, சத்தமும் குறைவு. விலை சற்றுக் கூடுதல்தான், தரலாம்.

வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். எல்.இ.டி.க்கு அதிகபட்சம் எத்தனை வாட், குறைந்தபட்சம் எத்தனை வாட். உங்கள் பல்புகளின் மொத்த வாட் இந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். குண்டு பல்புக்கான எண்ணை மட்டும் போட்டிருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் எல்.இ.டி.க்கு நம்பலாம் என்பது தொழிலில் இருப்பவர்களின் தோராயக் கணக்கு: 400 வாட் டிம்மரில் 40 வாட் எல்.இ.டி. வரை. நல்ல டிம்மர்களில் குமிழுக்கு அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். விளக்கு சிமிட்டாமல் எந்த அளவு வரை குறைய வேண்டும் என்பதை அதில் ஒருமுறை சரிசெய்துவிட்டால் போதும்.

பல்பு நிறுவனங்களில் சில, தங்கள் பல்பு எந்தெந்த டிம்மர்களோடு சோதிக்கப்பட்டது என்று பட்டியல் வெளியிடுகின்றன. அது கிடைத்தால் வேறு எந்த ஆலோசனையையும்விட அதையே நம்புங்கள். பல்பில் ஐ.எஸ். 16102 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிம்மிங் பற்றி அது உறுதி தராது. பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்ட பல்பு என்று சொல்லும்.

ஃபேன் ரெகுலேட்டரையே லைட்டுக்கு மாட்டிக்கொள்ளலாமா? இரண்டும் ஒன்றுதானே?

போர்டில் ஒரு ரெகுலேட்டர் சும்மா கிடக்கும்போது இந்த யோசனை எல்லார் வீட்டிலும் வரும். இரண்டும் ஒன்றல்ல. இப்போது வரும் 1, 2, 3, 4 என்று படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டர்கள் பெரும்பாலும் கெப்பாசிட்டரை வைத்து வேலை செய்பவை. அந்தக் கெப்பாசிட்டரின் அளவு ஃபேன் மோட்டாரைக் கணக்கிட்டு வைத்தது. அதில் எல்.இ.டி.யை மாட்டினால் ஒன்று வெளிச்சம் குறையவே குறையாது, இல்லாவிட்டால் சிமிட்டும், பல்பின் டிரைவரும் கெடும். மறுபக்கமும் அப்படித்தான்: லைட் டிம்மரில் ஃபேனை மாட்டினால் மோட்டார் உறுமும், சூடேறும். இது அதைவிட மோசம்.

சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. ஆபத்தா?

காரணத்தைப் பொறுத்தது. சுவிட்சிலோ டிம்மரிலோ சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அது எரிவதற்கான துளிக் கரண்ட் பல்பு வழியாகத்தான் போகிறது. குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது, எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும். நீளமான பைப்பில் பல ஒயர்கள் ஒட்டி ஓடும்போது பக்கத்து ஒயரிலிருந்து கசியும் கரண்டும் இதைச் செய்யும். இவை இரண்டும் கண்ணுக்குத் தொல்லை, அவ்வளவுதான். பல்புக்கு இணையாக மாட்டுகிற சின்ன பைபாஸ் கெப்பாசிட்டர் அல்லது லோடு ரெசிஸ்டர் இதைத் தீர்த்துவிடும்.

மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரில் இல்லாமல் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலில் போடப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். பழைய வீடுகளில் இது நான் விரும்புவதைவிட அதிகமாகவே இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிம்மர் போட்டால் கரண்ட் பில் குறையுமா?

குறையும், ஆனால் அதற்காக டிம்மர் வாங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பை 9 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் 51 வாட் மிச்சம். தினம் 4 மணி நேரம் எரிந்தால், தமிழ்நாட்டில் ரீடிங் எடுக்கிற இரண்டு மாதத்துக்குச் சுமார் 12 யூனிட் குறைகிறது. அந்த 9 வாட்டை டிம்மரில் பாதியாக்கினால் கூடுதலாக மிச்சமாவது ஒரே ஒரு யூனிட். சேமிப்பு பல்பை மாற்றிய அன்றே நடந்து முடிந்துவிட்டது. டிம்மர் கண்ணுக்காக, மனசுக்காக. இரவு சாப்பிட்ட பிறகு, குழந்தையைத் தூங்கவைக்கும்போது, டிவி பார்க்கும்போது முகத்தில் அடிக்காத ஒரு வெளிச்சம் வேண்டும். அதுவே போதுமான காரணம். சேமிப்பைச் சொல்லி நியாயப்படுத்த வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். குண்டு பல்பை டிம்மரில் பாதி வெளிச்சமாக்கினாலும் அது ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. எல்.இ.டி.யில் வெளிச்சம் பாதியானால் கரண்டும் ஏறத்தாழப் பாதியாகிறது. அந்த விதத்தில் டிம்மருக்கு ஏற்ற விளக்கு எல்.இ.டி.தான்.

குறைத்தால் குண்டு பல்பு மாதிரி பொன்னிறம் வரவில்லை. வெள்ளையாகவே மங்குகிறது.

இழை ஆற ஆற அதன் நிறம் சிவப்பை நோக்கிப் போகும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் குறைந்தால் பொன்னிறம், கூடினால் வெள்ளை. முழு வெளிச்சத்தில் 2700 கெல்வின் அளவில் இருக்கும் குண்டு பல்பு, நன்றாகக் குறைத்தால் 2000 கெல்வின் பக்கம் வந்துவிடும். சாயங்கால வெயிலின் சாயல் அது. எல்.இ.டி.யில் நிறம் சிப்பின் மேல் பூசிய பாஸ்பர் பூச்சோடு முடிவாகிவிடுகிறது. எவ்வளவு குறைத்தாலும் அதே நிறம்தான். 6500 கெல்வின் கூல் டே லைட்டைக் குறைத்தால் அறை மழைநாள் மாதிரி சாம்பல் பூத்துக் கிடக்கும், எனக்கு அது பிடிப்பதே இல்லை. டிம்மர் இருக்கும் இடத்தில் 2700 அல்லது 3000 கெல்வின் வார்ம் ஒயிட் போடுங்கள். ‘வார்ம் டிம்’ என்ற வகையில் இரண்டு நிற சிப்புகளை வைத்து, குறைக்கும்போது பொன்னிறமாகும்படி செய்திருப்பார்கள். விலை அதிகம், கிடைப்பதும் அரிது. பூஜை அறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் தேடி வாங்கினால் வீண்போகாது.

பெட்டியில் 10 சதவீதம் வரை குறையும் என்று போட்டிருக்கிறது. ஆனால் அவ்வளவு இருட்டாகத் தெரியவில்லையே?

பெட்டியில் இருப்பது கருவி அளந்த எண். கண்ணின் கணக்கு வேறு. அளவில் 25 சதவீதமாகக் குறைந்த ஒளி கண்ணுக்குப் பாதி போலத் தெரியும். 10 சதவீதம் என்பது மூன்றில் ஒரு பங்கு போலத் தெரியும். விடிவிளக்கு அளவுக்கு மங்க வேண்டுமென்றால் 1 சதவீதம் வரை இறங்கும் பல்பு தேவை. அதற்குப் பதில் தனியாக ஓர் அரை வாட் எல்.இ.டி. நைட் லாம்ப் போட்டுவிடலாம். பழைய ‘ஜீரோ வாட்’ பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பெயரில் ஜீரோ என்றாலும் அது 12 முதல் 15 வாட் வரை எடுக்கும். முழு வெளிச்சம் தரும் எல்.இ.டி.யைவிட அதிகம்.

சி.எஃப்.எல். பல்பு?

டிம்மரில் போடவே வேண்டாம். டிம்மபிள் சி.எஃப்.எல். இருந்தது உண்டு, இப்போது தேடுவதில் பயனில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் சி.எஃப்.எல்.லைச் சாதாரண சுவிட்சில் எரித்து முடித்துவிடுங்கள். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருப்பதால் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, அட்டையால் அள்ளி, பிசிறுகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடிய டப்பாவில் போடுங்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் அது அறை முழுக்கப் பரவும்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது டிம்மர் லைட் மட்டும் பயங்கரமாகச் சத்தம் போடுகிறது.

உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். டிம்மர் அலை எப்போது பூஜ்யத்தைத் தொடுகிறது என்று பார்த்துத்தான் வெட்டும் நேரத்தைக் கணக்கிடுகிறது. வளைந்து ஏறி இறங்காமல் படிக்கட்டு மாதிரி செங்குத்தாகக் குதிக்கும் அலையில் அந்தக் கணக்கு தப்புகிறது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இருக்காது. அதற்காக இன்வெர்ட்டரை மாற்ற வேண்டியதில்லை. டிம்மர் பாயின்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிட்டால் போதும். கரண்ட் போன நேரத்தில் சாதாரண விளக்கு ஒன்று எரியட்டும்.

உள்ளேயே பேட்டரி வைத்த எமர்ஜென்சி பல்பையும் டிம்மரில் மாட்டாதீர்கள். பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறாது. கரண்ட் போய்விட்டதா, நீங்கள் அணைத்தீர்களா என்று பிரித்தறியவும் அது குழம்பும்.

ஸ்மார்ட் பல்பு வாங்கினால் இந்தத் தலைவலி எல்லாம் தீருமா?

பெரும்பாலும் தீரும், ஒரு நிபந்தனையோடு. ஸ்மார்ட் பல்பு தன் வெளிச்சத்தைத் தானே உள்ளுக்குள் குறைத்துக்கொள்கிறது. அதற்கு முழுக் கரண்ட் வர வேண்டும். எனவே சுவரில் சாதாரண சுவிட்ச்தான் இருக்க வேண்டும், டிம்மர் கூடாது. அணைத்த நிலையிலும் அரை வாட் வரை எடுக்கும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் போனை எடுத்து லைட்டைக் குறைக்கப் போவதில்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு எளிமையான வழி ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வெளிச்சம் ஒரு படி குறையும் ‘த்ரீ ஸ்டெப்’ பல்பு. டிம்மர் வேண்டாம், ஒயரிங்கைத் தொட வேண்டாம், வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஃபால்ஸ் சீலிங் டவுன் லைட்டுக்கும் ஸ்ட்ரிப் லைட்டுக்கும்?

இவற்றில் டிரைவர் தனிப் பெட்டியாக இருக்கும். விளக்கு டிம்மபிளா என்பதல்ல கேள்வி, டிரைவர் டிம்மபிளா என்பதுதான். சீலிங் மூடுவதற்கு முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் ஜிப்சம் போர்டை அறுக்க வேண்டி வரலாம். 12 அல்லது 24 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கான டிம்மரை அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் மாட்ட வேண்டும். சாதாரண அடாப்டருக்கு முன்னால் சுவர் டிம்மரை மாட்டினால் அடாப்டர் போய்விடும்.

மாடிப்படி டூ வே சுவிட்சில் டிம்மர் வைக்கலாமா?

டூ வே என்பது ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் ஏற்பாடு. அதில் ஒரு முனையில் டூ வே டிம்மர் ஒன்று, மறுமுனையில் சாதாரண டூ வே சுவிட்ச் ஒன்று. இரு முனையிலும் சாதாரண டிம்மர் வைக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத சிமிட்டல் என்று சொல்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நொடிக்கு 100 முறை நடக்கும் சிமிட்டலைப் பலரால் நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனாலும் சிலருக்குத் தலைவலியும் கண் சோர்வும் வரும். போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கு பட்ட வெள்ளைச் சுவரைப் படம் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினாலோ வெளிச்சம் துடித்தாலோ சிமிட்டல் இருக்கிறது. டிம்மரை முழுதாக வைத்தும், பாதியில் வைத்தும், கடைசியில் வைத்தும் பாருங்கள். முழு வெளிச்சத்தில் ஒழுங்காக இருக்கும் விளக்கு பாதியில் துடிக்கலாம். படிக்கிற மேசைக்கு அப்படிப்பட்ட விளக்கு வேண்டாம்.

டிம்மரை நானே மாற்றலாமா?

ஒயரிங் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். பழக்கம் உள்ளவர்களும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை பார்க்காதீர்கள், மெயினில் கரண்டைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்த பிறகு கை வையுங்கள். டிம்மர் லேசாக வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடோ கருகல் வாடையோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஒரே பாக்ஸில் இரண்டு மூன்று டிம்மர்களை நெருக்கி வைத்தால் சூடு வெளியேறாது. ஒவ்வொன்றும் தாங்கும் வாட் குறையும். நடுவில் ஒரு வெற்று மாட்யூல், அதாவது ஒரு சுவிட்ச் அளவு காலி இடம், விடச் சொல்லுங்கள்.

புது வீட்டில் எந்தெந்த இடத்துக்கு டிம்மர் தேவை?

சாப்பாட்டு மேசைக்கு மேல், படுக்கையறை, டிவி இருக்கும் சுவர், விருப்பமிருந்தால் பூஜை அறை. சமையலறைக்கும் குளியலறைக்கும் வேண்டாம், அங்கே முழு வெளிச்சம்தான் தேவை. ஹாலில் ஆறு விளக்கு இருந்தால் டிம்மருக்குப் பதில் இரண்டு, நான்கு என்று தனித்தனி சுவிட்சில் பிரித்துவிடலாம். பாதி வேளை அதுவே போதும். கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

ஒரே டிம்மரில் வெவ்வேறு கம்பெனி பல்புகளைக் கலந்து போடலாமா?

எரியும், ஆனால் ஒன்றாகக் குறையாது. ஒன்று அணைந்துவிட்ட பிறகும் இன்னொன்று எரிந்துகொண்டிருக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்று வாங்குங்கள். முதலில் ஒன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள். அது சிமிட்டாமல் இருந்தாலும், எல்லாவற்றையும் மாட்டி மொத்த லோடில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பில்லை வைத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கும். ஒத்துப்போனால் கூடவே இரண்டு உபரியாக வாங்கிப் பரணில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே மாடல் கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.